விண்வெளிக்குப் போன வயித்துவலி!

மெஸ் சாப்பாடு வயித்தைக் கலக்கினா, நாம சந்தேகப்படுற ஆசாமிகள்ல ஒண்ணு சால்மோனெல்லா. ஒத்தை செல் பாக்டீரியா. 2006 செப்டம்பர்ல அட்லாண்டிஸ் விண்கலத்துல இதை அனுப்பி வெச்சாங்க, அமெரிக்காவின் அரிஸோனா மாகாணப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஷெரில் நிக்கர்சன் குழுவினர். அங்கே வளர்ந்து திரும்பினதை எலிகளுக்குக் கொடுத்தா, பூமியில வளர்ந்ததைக் கொடுத்த எலிகளைவிட சீக்கிரமே செத்துப்போச்சு! பாக்டீரியாவோட 167 ஜீன்களின் செயல்பாடு மாறியிருந்தது.

இத்துனூண்டு செல்லுக்கு எடையில்லாத நிலை எப்படித் தெரியும்? அங்கே சுத்தியிருக்கிற திரவம் செல்லை உரசுறது குறைஞ்சிடும். நம்ம குடலோட இடுக்குகள்லயும் அதே அமைதிதான். 'ஆஹா, குடலுக்குள்ள வந்தாச்சு'னு ஏமாந்து, தாக்குதலுக்கு ரெடியாகுதுங்கிறது ஆராய்ச்சியாளர்கள் யூகம். (அரியர் வெச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மேல எனக்கு முதல்முறையா மரியாதை!)

விண்வெளியில வீரர்களோட நோய் எதிர்ப்புச் சக்தி வேற பாதிக்கப்படும். ஆனா, 2008-ல மறுபடி அனுப்பினப்போ, வளர்ப்புத் திரவத்துல பாஸ்பேட் போன்ற உப்புகளைக் கூட்டினதுமே அந்தக் கூடுதல் வீரியம் காணாமப்போச்சு.