சிற்றுந்து அறையில் செயலுறு இரைச்சல் கட்டுப்பாடு

செயலுறு இரைச்சல் கட்டுப்பாடு என்பது ஓர் ஒலியை அதற்கு நேரெதிரான மற்றோர் ஒலியால் தணிக்கும் முறையாகும். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் அகடும் ஒன்றுசேர்ந்தால் இரண்டும் அழியும். செருமனியைச் சேர்ந்த பால் லூயெக் இதற்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1990களின் தொடக்கத்தில் நிசான் புளூபேர்ட் சிற்றுந்தில் இம்முறை இடம்பெற்றது.

செயல்படும் விதம்

நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு எந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு எரிப்பு. எனவே 100 எர்ட்சு உறுமல் எழும். சுழல்வேகத்தை அறிந்த கணினி, எதிர் அலையை ஒலிபெருக்கிகளில் எழுப்பும். அறையிலுள்ள ஒலிவாங்கிகள் எஞ்சிய இரைச்சலை அளந்து தர, கணினி அலையைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

எல்லையும் பயனும்

100 எர்ட்சு அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், தலை சற்று அசைந்தாலும் தணிப்பு குலையாது. 2000 எர்ட்சில் நீளம் 17 செ.மீ. மட்டுமே, தலை சிறிது நகர்ந்தாலே முகடோடு முகடு சேர்ந்து இரைச்சல் கூடிவிடலாம். ஆகவே உயர் அதிர்வெண் ஒலிக்கு நுரை, பஞ்சு உறைகளே ஏற்றவை. தாழ் ஒலியைத் தடுக்கவோ கனமான தகடுகள் வேண்டும். எடை கூடினால் எரிபொருள் செலவும் கூடும். அந்த எடையைக் குறைப்பதே இம்முறையின் பெரும்பயன். தாழ் ஒலியை மட்டுமே தணிப்பதால், அவசர ஊர்தியின் சங்கொலி ஓட்டுநருக்கு வழக்கம்போலவே கேட்கும்.