கத்தரிக்கோலால் வெட்டிய சினிமா

பத்து நாளா "நீங்க எடுத்த சினிமா என்னாச்சு?" என்று கேட்காத ஆளே இல்லை. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால இந்த மாதச் சுவர் இதழில் எழுதியே ஒட்டிவிடுகிறேன். முன்னால் நின்று படிப்பவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வழிவிட்டுப் படிக்கவும்.

எங்கள் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் வேறொரு படத்தைப் பற்றிச் சொல்லணும். பெயர் 'இளவரசர் அஹமதின் சாகசங்கள்'. 1926-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. பேச்சு கிடையாது, இசை மட்டும்தான். எங்கள் டீச்சர் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். படத்தில் நடிகர், நடிகை யாருமே இல்லை. எல்லாம் கறுப்பு நிழல். ஆனால் அந்த நிழல்கள் அழுகின்றன, சண்டை போடுகின்றன, குதிரையில் ஏறி வானத்தில் பறக்கின்றன. முதல் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வகுப்புப் பையன்கள் அப்புறம் கப்சிப்.

இதை எடுத்தவர் ஒரு பெண். லோட்டே ரைனிகர். 1899-ல் பெர்லினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாளை வெட்டி உருவம் செய்து, வீட்டிலேயே நிழல் நாடகம் போடுவாராம். பிறகு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நடிகர்கள் நடிக்க நடிக்க இவர் அவர்களின் உருவத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டுவார். பால் வேகனர் என்ற நடிகர் அதைப் பார்த்துவிட்டு 1918-ல் தன் படத்துக்குக் கூப்பிட்டார். ஊரில் இருக்கும் எலிகளையெல்லாம் குழல் ஊதிக் கூட்டிப்போவானே, அந்தக் கதைதான். நிஜ எலி சொன்ன பேச்சைக் கேட்குமா? அதனால் மரத்தில் எலி செய்து, ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார்கள். நகர்த்தியவர்களில் லோட்டேயும் ஒருவர். (இதைப் படித்ததும் எங்கள் சத்துணவு ஸ்டோர் ரூம் ஞாபகம் வந்தது.)

1923-ல் ஜெர்மனியில் விலைவாசி தறிகெட்டு ஏறியது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. லூயி ஹாகன் என்ற வங்கிக்காரர், பணத்தைக் கையில் வைத்திருந்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைத்து, நிறைய பிலிம் சுருளாக வாங்கிப் போட்டுவிட்டார். நம்ம ஊரில் நகை வாங்கி வைப்பது மாதிரி. சும்மா கிடக்கும் பிலிமை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுத்தால் என்ன என்று லோட்டேயிடம் கேட்டார். அப்போது அவருக்கு 24 வயது. பொம்மைப் படம் என்றாலே சில நிமிட வேடிக்கை என்றிருந்த காலம் அது. போட்ஸ்டாமில் ஹாகன் வீட்டு கார் ஷெட்டுக்கு மேலே இருந்த பரண்தான் ஸ்டூடியோ. லோட்டே, அவர் கணவர் கார்ல் கோக், இன்னும் நாலைந்து பேர். மூன்று வருடம் ஆனது.

செய்முறை இதுதான். ஒரு கண்ணாடி மேஜை. கண்ணாடிக்குக் கீழே விளக்கு. மேலே கேமரா தலைகீழாகப் பார்க்கும். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களை வெட்டி, தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனியாகச் செய்து கம்பியால் கோர்ப்பார்கள். கண்ணாடிமேல் படுக்க வைத்து ஒரு போட்டோ. கையை நூலளவு நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படி எடுத்ததை வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக அசைவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். தூரத்து மலை மங்கலாகத் தெரியவேண்டுமா? மெல்லிய தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கு கூடக்கூட இருட்டும். கண்ணாடிகளையே ஒன்றுக்குமேல் ஒன்றாக வைத்து, அலை ஒரு கண்ணாடியில், கப்பல் ஒரு கண்ணாடியில் என்றும் எடுத்தார்கள்.

கணக்கு டீச்சருக்காக ஒரு கணக்கு. ஒரு நொடிக்கு 18 படம் என்று வைத்தால்கூட ஒரு நிமிடத்துக்கு 1080. படம் சுமார் 65 நிமிடம். ஆக 70,200. இதில் கை தவறிக் கெட்டுப்போனவை சேராது! எங்கள் வீட்டில் ஒரு பரோட்டா பொட்டலத்துக்கு நிற்கக்கூடப் பொறுமை இல்லை.

உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது இதுதான். அர்ஜென்டினாவில் 1917-லேயே ஒருவர் எடுத்திருக்கிறார், ஆனால் அது அழிந்துவிட்டது. அஹமதின் நெகடிவும் 1945-ல் பெர்லின் சண்டையில் போய்விட்டது. வெளிநாட்டில் இருந்த ஒரு பிரதியை வைத்துத்தான் பிற்காலத்தில் சரிசெய்தார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பறக்கும் குதிரை, இறகுச் சட்டை போட்ட தேவதை, அலாவுதீன் விளக்கு எல்லாமே ஆயிரத்தொரு இரவுகள் கதைகள். அந்தக் கதைகளை அரபியிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர் அந்துவான் கலான் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அலாவுதீன் கதைக்கு அவருக்குப் பழைய சுவடி எதுவும் கிடைக்கவில்லை. 1709-ல் ஹன்னா தியாப் என்ற சிரியா நாட்டு இளைஞர், அலெப்போ ஊர்க்காரர், பாரிஸுக்கு வந்திருந்தார். அவர் உட்கார்ந்து வாயால் சொன்ன கதைகளில் ஒன்றுதான் அலாவுதீன். பறக்கும் குதிரையும் அஹமதும்கூட அவர் சொன்னவைதான். கலான் இதைத் தன் டைரியில் குறித்திருக்கிறார். அச்சடித்த புத்தகத்தில் மட்டும் தியாப் பெயர் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கதை சொல்லும்போது கேட்டுக்கொண்டு, பேர் போடும்போது மறந்துவிடுவதா?

கதை சொல்பவர் எங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார், அப்பத்தா. ஊர் ஐயனார் கோயிலில் வரிசையாக மண்குதிரைகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். கடைசியில் நிற்கும் நொண்டிக் குதிரை கதையை அப்பத்தா சொல்லும். வேளார் செய்யும்போது ஒரு கால் குட்டையாகிவிட்டதாம். அதைப் பின்வரிசையில் ஒளித்து வைத்தார்களாம். ஒருநாள் ராத்திரி அடைமழையில் கண்மாய்க் கரை அரித்தபோது மற்ற குதிரையெல்லாம் தூங்க, இது மட்டும் நொண்டி நொண்டி வந்து ஊரை எழுப்பியதாம். விடிஞ்சு பார்த்தால் மூணு காலில் முழங்கால் வரை சேறு, குட்டைக் காலில் மட்டும் இல்லையாம்.

இதைத்தான் நாங்கள் ஐந்து பேர் படமாக எடுத்தோம். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி மை பூசினோம். மூட்டுக்கு எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பி. உடைந்த சாமி படத்துச் சட்டத்தின் கண்ணாடி, அதன்மேல் எண்ணெய் தடவிய வெள்ளைத்தாள், கீழே டார்ச். என் அண்ணனின் போனை இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் பலகை போட்டுக் கட்டினோம். முதல் நாள் 140 படம் எடுத்தோம். ராத்திரி அண்ணன் போனில் இடமில்லை என்று மொத்தத்தையும் அழித்துவிட்டான். நான் சாப்பிடவே இல்லை. அவனோடு இன்னும் சரியாகப் பேசவும் இல்லை.

இரண்டாம் தடவை மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க எடுத்தோம். காற்று அடித்தால் குதிரை வால் ஆடிவிடும். அப்போது சண்டை வந்தது. அஹமது குதிரை மாதிரி நம்ம குதிரையும் பறக்கட்டும் என்றார்கள் மூன்று பேர். அப்பத்தாவிடம் கேட்டோம். "அது எப்படிடி பறக்கும்? பறக்க முடிஞ்சா அது ஏன் சேத்துல வரணும்?" என்றது. அதற்குமேல் யாரும் பேசவில்லை. உண்மையில் எங்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஒரு காலின் மூட்டு இறுகி மடங்கவே இல்லை. குதிரை தானாகவே நொண்டியது.

மொத்தம் 312 படம். நொடிக்கு 8 வீதம் ஓட்டினால் 39 நொடி. அவ்வளவுதான் எங்கள் சினிமா. இரண்டு இடத்தில் என் விரல் நிழல் தெரியும், அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாசம் ஆபரேஷன். டி.வி.யில் முகம் எதுவும் தெரியாது, சத்தத்தை மட்டும் கேட்கும். அதனால் படத்தைக் காட்டத் தயங்கினேன். பெரியப்பா வீட்டு டி.வி.யில் போனை இணைத்துப் போட்டோம். வெள்ளையில் கறுப்பு என்பதால் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காது ரெண்டும் நெட்டுக்க நிக்குதே, கழுதையா?" என்றது. தெரிந்திருக்கிறது!

கடைசியில் 'கதை' என்று போட்டு அப்பத்தா பேரை எழுதினோம். ரேஷன் கார்டில் பார்த்துத்தான் எழுதினேன். ஊரில் எல்லோரும் என் அப்பா பேரைச் சொல்லி, அவன் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "இது எங்க ஆத்தா சொன்னது, அவ பேரைப் போடு" என்றது. இப்போது இரண்டு பேரும் இருக்கிறது. இரண்டு எழுத்தட்டைக்கும் 20 படம் கூடுதலாக எடுத்தோம், அது அந்த 312-ல் சேராது.

காதைத் திருத்தி மறுபடி எடுக்கப் போகிறோம். பெரிய கண்ணாடி தேவை. வீட்டில் பழைய ஜன்னல் கண்ணாடி, போட்டோ சட்டம் இருப்பவர்கள் 9-ஆ பிரிவில் கொடுக்கவும். ஓரம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் தாள் ஒட்டிக்கொள்வோம்.