ஒலி அலையில் ஓடும் பந்தய பைக்குகள்

ஆக்லாந்து நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வெங்காய வயல்களுக்குப் பேர்போன ஊர் புக்கெகோஹே. அங்குள்ள குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி 1963இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடம் 2023 ஏப்ரல் வரை இயங்கியது. நியூசிலாந்தின் பழைய பந்தய பைக்குகளுக்கான கிளாசிக் திருவிழா பல ஆண்டுகள் பிப்ரவரியில், அந்நாட்டின் கோடைக் காலத்தில், இங்கேதான் நடந்துவந்தது. தடம் மூடப்பட்டபின், இன்னும் தெற்கே வைக்காட்டோ வட்டாரத்தில் உள்ள ஹாம்ப்டன் டவுன்ஸ் தடம்தான் ஆக்லாந்துக்காரர்களுக்குப் பக்கம். வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள், சனி ஞாயிறில் தங்கள் வண்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறார்கள். அந்த வண்டிகளில் தனிக் கவனம் கேட்பவை டூ-ஸ்ட்ரோக் பைக்குகள்: யமஹா டிஇசட்350, சுசுகி டி500, கவாசாகியின் மூன்று சிலிண்டர் எச்1 போன்றவை.

தமிழ்நாட்டில் இந்த எஞ்சினுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆர்எக்ஸ்100இன் சத்தமும், பெட்ரோல் பங்கில் எண்ணெய் கலந்து வாங்கிய டிவிஎஸ் 50இன் நீலப் புகையும் ஒரு தலைமுறைக்கே நினைவில் இருப்பவை. சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களிலும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் சீறின. எண்பதுகளில் இந்தியாவில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் விற்பனையான யமஹா ஆர்டி350, டிஇசட்350 பந்தய வண்டிக்கு நெருங்கிய உறவு.

சாதாரண பைக்கில் இன்று உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின், கிராங்க் இரண்டு முறை சுழலும்போது ஒருமுறைதான் எரிபொருளை எரிக்கிறது. டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுழற்சியிலும் எரிக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு அதற்குக் கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள் உண்டு. ஏறி இறங்கும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலேறும்போது, கீழே கிராங்க் அறைக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை நுழைகிறது. பிஸ்டன் இறங்கும்போது அது அழுத்தப்பட்டு, பக்கத் துளைகள் வழியே மேலே பாய்கிறது. கிராங்க் அறையில் கலவையை அழுத்தும் இந்த அமைப்பை இங்கிலாந்தின் ஜோசப் டே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. புதுக் கலவை நுழையும் அதே நேரத்தில் புகை வெளியேறும் துளையும் திறந்தே இருக்கிறது. எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். வெறும் குழாய் மாட்டிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வலு குறைவாக இருந்ததற்கு இதுவே காரணம்.

அந்தக் குறையை வலிமையாக்கியவர் வால்ட்டர் காடன். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அவர். புகைத் துளை திறக்கும் நொடியில் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் படிப்படியாக விரியும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாக எதிரொலித்துத் திரும்பி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை வெளியே இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்திலோ அது அழுத்த அலையாகவே திரும்பி வருகிறது. துளை மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், வெளியே தப்பிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளிவிடும். பந்தய டூ-ஸ்ட்ரோக்கின் வயிறு பருத்த புகைக் குழாய் இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு 6 மில்லி நொடி. புகைத் துளை அதில் பாதிக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 3.2 மில்லி நொடி, திறந்திருக்கிறது. அழுத்த அலை ஒலியின் வேகத்தில் செல்லும்; சூடான புகையில் அது நொடிக்கு 500 மீட்டர் அளவில் செல்வதாகக் கொண்டால், அந்த நேரத்தில் 1.6 மீட்டர் கடக்கும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், குறுகும் கூம்பு துளையிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். வேகம் 6,000 சுற்றாகக் குறைந்தால் அலை காலம் தவறி வந்துவிடும். வலு சட்டென விழும். பந்தய டூ-ஸ்ட்ரோக் ஒரு குறுகிய வேக வரம்புக்குள் மட்டும் சீறிப் பாய்வதும், ஓட்டுபவர் ஓயாமல் கியர் மாற்றுவதும் இதனால்தான்.

1961இல் காடனின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகி முதல் உலகப் பட்டம் வென்றது. அடுத்து சுசுகிக்காக 1963, 1964இல் 50 சிசி பட்டங்களையும், 1963, 1965இல் 125 சிசி பட்டங்களையும் வென்றவர் ஹியூ ஆண்டர்சன். அவருடைய ஊரான ஹன்ட்லி, இன்றைய ஹாம்ப்டன் டவுன்ஸ் தடத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1970இல் கவாசாகி மூன்று சிலிண்டர் வண்டியில் 500 சிசி உலகப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்ற ஜிஞ்சர் மொல்லாயும், படகு எஞ்சினிலிருந்து உருவான கோனிக் வண்டியில் 1973இல் அதே இடம் பெற்று, அந்தப் பருவத்திலேயே விபத்தில் உயிரிழந்த கிம் நியூகம்பும் நியூசிலாந்துக்காரர்களே. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் மேல் அந்நாட்டினருக்கு உள்ள பிடிப்புக்கு இத்தகைய வரலாறு இருக்கிறது.

பந்தய வாரயிறுதி பரிசோதனையோடு தொடங்குகிறது. பிரேக், சங்கிலி, டயர், ஹெல்மெட், தோல் உடை ஆகியவற்றை அதிகாரிகள் பார்க்கிறார்கள். எண்ணெய் அறைகளின் போல்ட்டுகள் கழன்று தடத்தில் எண்ணெய் கொட்டாதபடி மெல்லிய கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு பயிற்சிச் சுற்றுகள். டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவருக்கு உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பம்: அன்றைய காற்றுக்கு ஏற்ப கார்புரேட்டர் ஜெட்டைத் தேர்ந்தெடுப்பது.

ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு. காலையில் 10 டிகிரியாக இருந்த வெப்பம் பிற்பகலில் 25 டிகிரியானால், அதே கொள்ளளவுக் காற்றின் எடை சுமார் 5 விழுக்காடு குறைகிறது. இரு துறைமுகங்களுக்கு நடுவே கிடக்கும் ஆக்லாந்தின் காற்றில் ஈரம் அதிகம். 25 டிகிரியில் முழுமையாக நனைந்த காற்றில் நீராவி ஏறத்தாழ 3 விழுக்காடு இடத்தைப் பிடிக்கிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் சிறிய ஜெட், குளிர்ந்த உலர்ந்த காற்றுக்குப் பெரிய ஜெட். ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் இந்தத் தேர்வு மணிக்கு மணி மாறலாம்.

தவறினால் விலை அதிகம். பெட்ரோல் கூடினால் எஞ்சின் மந்தமாகும், அவ்வளவுதான். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் அளவுக்குமேல் சூடேறி விரிந்து, சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நம் மெக்கானிக்குகள் சொல்லும் 'சீஸ்' இதுவே. பின்சக்கரமும் அதோடு நின்று வண்டி சறுக்கும். பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு என்பதால், நேர்சாலை முடிவில் ஆக்சிலேட்டரை மூடும்போது, எஞ்சின் வேகமாகச் சுழன்றபடியே எண்ணெய் வரத்து குறைந்துபோகும். அனுபவசாலிகளின் இடக்கை விரல்கள் கிளட்ச்சை விட்டு அகலாததற்குக் காரணம் இந்த அபாயம்தான்.

ஜெட் சரிதானா என்பதைப் பிளக் சொல்லும். முழு வேகத்தில் எஞ்சினை அணைத்து, கிளட்ச்சைப் பிடித்தபடி உருண்டு வந்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பு என்றால் சரி.

உலக மோட்டோஜிபி பந்தயத்தில் 2002இல் பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் நுழைந்தன. 250 சிசி டூ-ஸ்ட்ரோக் பிரிவு 2009ஓடும், 125 சிசி பிரிவு 2011ஓடும் முடிந்தன. சாலையில் இந்த எஞ்சினை விலக்கியது அதன் பழைய குறைதான்: எரியாமல் வெளியேறும் பெட்ரோலும் எண்ணெயும் காற்றை மாசுபடுத்துகின்றன. இன்று கிளாசிக் வண்டிகளுக்கு வேண்டிய பிஸ்டனையும் கிராங்கையும் பெரும்பாலும் சிறு பட்டறைகளே புதிதாகச் செய்து தருகின்றன.

ஞாயிறு மாலை பந்தயங்கள் முடிந்ததும் வண்டி மீண்டும் வேனில் ஏறுகிறது. கவனமான பந்தயக்காரர் அதற்குமுன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவைக்கிறார்: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், ஜெட் எண், பிளக்கின் நிறம். அடுத்த முறை அதே போன்ற காற்று வீசும் நாளில், அவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.