எழுபது பெண்டு... பெண்டு நிமிர்ந்துடும்!

செங்கல்பட்டுக்காரர் ஒருவர் மலையேறப் போகிறார் என்றால், அநேகமாகத் திருக்கழுக்குன்றத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். அதுவும் நடந்து. ஐந்நூற்றுச் சொச்சம் படி! மாமல்லபுரத்துக்காரர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. இமயமலையையே பல்லவர்கள் பாறையில் செதுக்கி ஊர் நடுவில் வைத்துவிட்டார்கள். அர்ச்சுனன் தபசைப் பார்த்தோமா, பக்கத்தில் உருண்டு விழாமல் நிற்கும் வெண்ணெய்ப் பந்தைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்தோமா, சுண்டல் சாப்பிட்டு வீட்டுக்குத் திரும்பினோமா... முடிந்தது மலைப் பயணம்.

ரோடும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஜி.எஸ்.டி. ரோடு அதற்கு அண்ணன். ஆனால் மோட்டார் சைக்கிள் மட்டும் நம்ம பக்கத்தில்தான் பிறக்கிறது! திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி, 2013-ல் ஒரகடத்தில் இன்னொரு தொழிற்சாலை திறந்தது. செங்கல்பட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர்களுடைய ஒரு மாடலுக்குப் பெயரே 'ஹிமாலயன்'! பாவம், பிறந்த மண்ணில் அது ஏறிப் பார்க்க மேம்பாலத்தை விட்டால் வேறு கதியில்லை.

அதனால்தான் நம்ம ஊர்ப் பையன்களுக்கு மலை ரோடு என்றாலே ஒரு ஏக்கம். 'எத்தனை கொண்டை ஊசி வளைவு?' என்பதுதான் முதல் கேள்வி. பதில்கள் இதோ: ஏலகிரி 14. ஏற்காடு 20. பண்ணாரியிலிருந்து திம்பம் 27. மசினகுடி - ஊட்டி கல்லட்டிப் பாதை 36. ஆழியாறிலிருந்து வால்பாறை 40. கொல்லிமலை... மூச்சை இழுத்துப் பிடியுங்கள்... 70!

என் மனைவியின் அண்ணன் மகனும் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்து நின்றான். கல்யாணமாகி நாலு மாசம். பழைய பைக்கை விற்றுவிட்டு, புதுசாகப் பெரிய பைக் வாங்கியிருந்தான்.

"கொல்லிமலைதான் மாமா! எழுபது பெண்டு!"

"டேய் மாப்ளே, எழுபதாவது பெண்டுல உன் பெண்டு நிமிர்ந்துடும்டா."

"நான் டெய்லி ஈ.சி.ஆர்ல போறவன் மாமா."

"அதான்டா பயமா இருக்கு!"

ஜோக்காகச் சொல்லவில்லை. நேர் ரோட்டில் ஓட்டிப் பழகியவருக்குக் கை வேகம் தெரியும், வளைவு தெரியாது. ஆகவே மலை ரோட்டைத் தேர்ந்தெடுக்க, வளைவை எண்ணுவதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு நாலு கேள்விகள் கேட்கவேண்டும் என்பது என் கட்சி. பையனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி: அடிவாரம் எவ்வளவு தூரம்?

செங்கல்பட்டிலிருந்து கொல்லிமலை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பி, டீ, டிபன், லாரி, டோல்கேட் எல்லாம் தாண்டி அடிவாரம் போய்ச் சேரும்போது முதுகு பலகையாகியிருக்கும். கண் எரியும். அப்புறம்தான் முதல் வளைவே ஆரம்பம்! ஒரு நாளின் கடைசி இரண்டு மணி நேரத்தில் செய்யவேண்டிய காரியமா அது? தூரத்து மலை என்றால் முதல் நாள் அடிவாரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை புது மனுஷனாக ஏறவேண்டும். இரண்டு நாள் லீவு இல்லையா? பக்கத்து மலையைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: இறங்குவது எப்படி?

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் மட்டும்தான் வேறு மாதிரி சொல்வார்: "சார், ஏத்தத்துக்கு இன்ஜின் போதும். எறக்கத்துக்குத்தான் மூளை வேணும்."

ஏறும்போது தப்பு செய்தால் வண்டி தானாக வேகம் குறையும். இறங்கும்போது தானாக வேகம் கூடும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது. 'நியூட்ரல்ல போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்கினா பெட்ரோல் மிச்சம்' என்று யோசனை சொல்லும் மகானுபாவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே பாதி பிரேக் வேலையைப் பார்க்கும். ஸ்கூட்டரில் இந்த வசதி குறைவு. அதனால் ஸ்கூட்டர்காரர்கள் செங்குத்தான இறக்கத்தில் அடிக்கடி நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டு வரவேண்டும்.

கல்லட்டிப் பாதை எதற்குப் பேர் வாங்கியது தெரியுமா? இறக்கத்துக்குத்தான். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன 7 பேரின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. விழுந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. 5 பேர் உயிரோடு இல்லை. அதன்பிறகு ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை வந்தது. அவர்களும் நம்மைப் போல நேர் ரோட்டு ஊரிலிருந்து, மலையைப் பார்க்க ஆசையாகப் போனவர்கள்தான்.

இதைச் சொன்னதும் பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பேச்சு வரவில்லை.

மூன்றாவது கேள்வி: பின் சீட்டில் யார்?

தனியாகப் போகிறவர் தன் உயிரோடு விளையாடலாம் (கூடாது!). பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கணக்கே வேறு. எடை கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். வளைவில் வண்டி சாயும்போது பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம். 'நான் சாயற பக்கமே என்கூட வா, என் தோளுக்கு மேல பாரு' என்று கிளம்பும் முன்னே சொல்லிக்கொடுக்கவேண்டும். பின் டயருக்குக் காற்றும் இரண்டு ஆள் கணக்குக்கு அடிக்கவேண்டும். ஹெல்மெட் இரண்டு பேருக்கும். 'அவளுக்கு முடி கலைஞ்சிடும் மாமா' என்பதெல்லாம் செல்லாது.

நாலாவது கேள்வி: எப்போது, யாரைக் கேட்டு?

மலை ரோடெல்லாம் எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் முறை வந்தது. திம்பம் பாதை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலை வேண்டாம். மண் சரியும், வளைவில் சருகும் சேறும் கிடக்கும். சித்திரை வெயிலில் வேலூரைத் தாண்டுவதற்குள் நாமே வடாம் ஆகிவிடுவோம். தையும் மாசியும் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தோதான மாதங்கள். எந்த மாதமானாலும் பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்கிவிடவேண்டும். அல்லது மேலேயே தங்கிவிடவேண்டும்.

சரி, இந்த நாலு கேள்விக்கும் பாஸ் மார்க் வாங்கும் மலை எது?

நான் சொன்னது ஏலகிரி. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம், வேலூர், வாணியம்பாடி வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். வளைவு 14-தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு! புலவர்கள், வள்ளல்கள் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். கபிலரில் கியரைக் குறைத்து, ஔவையாரில் ஹாரன் அடித்து, பாரிக்கு வந்து சேர்ந்தால் எதிரே பஸ் வரும். முல்லைக்குத் தேரையே கொடுத்தவர் பாரி. நாம் பஸ்ஸுக்கு வழியாவது கொடுக்கலாமே!

வழி கொடுப்பது என்றதும் ஒரு சட்டம் ஞாபகம் வருகிறது. குறுகலான மலைப் பாதையில் இறங்குகிற வண்டிதான் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989 சாலை விதிகளிலேயே இருக்கிறது. 2017-ல் வந்த புது விதிகளிலும் இருக்கிறது. ஆனால் பஸ்ஸும் லாரியும் வளைவில் திரும்ப ரோடு முழுவதும் தேவைப்படும். அங்கே சட்டம் பேசாமல் தள்ளி நிற்பது உடம்புக்கு நல்லது.

பையனும் அந்தப் பெண்ணும் தை மாசம் ஏலகிரி போய்வந்தார்கள். ஒரு ராத்திரி மேலே தங்கி, காலையில் நிதானமாக இறங்கியிருக்கிறார்கள்.

"எப்படிம்மா இருந்தது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"மேல போறப்போ இவர் ரோட்டைப் பார்த்தார், நான் மலையைப் பார்த்தேன் மாமா. எறங்கறப்போ மூணு எடத்துல நிறுத்தி இவரும் பார்த்தார். அடுத்த தடவை நான் ஓட்டறேன்னு சொல்லியிருக்கேன்."

பையன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

ஏலகிரி பழகியவர்களுக்கு அடுத்த பாடம் ஜவ்வாது மலை. வளைவு எண்ணிக்கையில் பேர் வாங்காத மலை. அதுவே அதற்கு அழகு. காஞ்சிபுரம், ஆரணி வழியாகப் போளூர் போய், ஜமுனாமரத்தூருக்கு ஏறுங்கள். மேலே காட்டுக்குள் வளைந்து வளைந்து போனால் காவலூர். வைணு பாப்பு வானோக்குக் கூடம் இங்கேதான் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் நிறுவியது. நட்சத்திரம் பார்க்கத் தோதாக இருட்டான ஊராகத் தேடி வைத்திருக்கிறார்கள் என்றால், ராத்திரி அந்த ரோடு எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஆலங்காயத்துக்கு இறங்கி, வாணியம்பாடியில் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். ஏறிய வழியே இறங்காமல் ஒரு சுற்றாக வீடு திரும்பலாம்.

வளைவைத் திருப்ப ஒரே ஒரு சூத்திரம். வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறையுங்கள், உள்ளே போனபிறகு அல்ல. இரண்டாவது கியர், கிளட்சைப் பிடிக்காமல், இடது ஓரத்தை விடாமல். பள்ளத்தைப் பார்க்காதீர்கள். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து விரட்டினால் ஓரம்கட்டி அனுப்பிவிடுங்கள். அவனுக்கு என்ன அவசரமோ!

கொல்லிமலை எங்கேயும் போய்விடாது. இரண்டு மலை பார்த்தபிறகு, முதல் நாள் ராத்திரி நாமக்கல்லில் தூங்கி எழுந்து, ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறுங்கள். எழுபதையும் நீங்களே எண்ணாதீர்கள். பின் சீட்டில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள்.