சினை ஊசி போடும் நேரம் ஏன் முக்கியம்? கருத்தரிப்பில் ஒட்டும் புரதங்களின் பங்கு

தேனி மாவட்டத்தில் மலைமாடு வளர்ப்போருக்கு சினைப்பருவ நேரம் பார்க்கும் கவலை அதிகம் இல்லை. மந்தையோடு பொலிகாளையும் மேய்கிறது. பசு பருவத்துக்கு வந்தால் காளையே கண்டுபிடித்துச் சேரும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் கொட்டிலில் கட்டி வளர்க்கும் கலப்பினக் கறவை மாட்டுக்கு அந்த நேரத்தை நாம்தான் கவனிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை தீவனச் செலவும் தள்ளிப்போகும் கறவையும் விவசாயிக்கு நஷ்டம்தான்.

"காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி" என்று கால்நடை மருத்துவர்கள் கூறுவார்கள். விந்தணு கருமுட்டையைச் சேரும் வழியில் எங்கெங்கு ஒட்டுகிறது என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும்.

கருக்குழாயில் ஒட்டுதல்

காளையின் விந்துத் திரவத்தில் உள்ள சில புரதங்கள் விந்தணுவின் மேல் படிந்திருக்கும். இவற்றின் உதவியால் விந்தணு, பசுவின் கருக்குழாய்ச் சுவரில் உள்ள செல்களைப் பற்றிக்கொள்கிறது. இப்படி ஒட்டியிருக்கும் விந்தணு கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும். கருவுறச் செய்யும் பக்குவத்தை அடைய அதற்குச் சில மணி நேரம் தேவை. முட்டை வெளிவரும் சமயத்தில் அது சுவரை விட்டு விலகி நீந்திச் செல்கிறது.

முட்டையில் ஒட்டுதல்

முதலில் முட்டையின் வெளியுறையில் விந்தணு ஒட்டுகிறது. விந்தணுவின் தலையில் உள்ள மூடி திறந்த பிறகே அது உறையைத் துளைத்து உள்ளே செல்லும். மூடி திறக்கும்போது 'இசுமோ' என்ற புரதம் வெளியே தெரியும். முட்டையின் சவ்வில் உள்ள 'ஜூனோ' புரதத்துடன் இது பூட்டும் சாவியும்போலப் பொருந்துகிறது.

இசுமோவை 2005-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எலிகளில் கண்டறிந்தனர். திருமணத்துக்குப் பெயர்பெற்ற இசுமோ கோயிலின் பெயரையே அதற்கு வைத்தனர். இதன் இணையான ஜூனோவை 2014-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இசுமோ இல்லாத ஆண் எலியின் விந்தணு உறையைத் துளைத்து உள்ளே போனாலும் முட்டையுடன் இணையவில்லை. ஒரு விந்தணு இணைந்ததும் முட்டை தன் ஜூனோவை உதிர்த்துவிடும். இரண்டாவது விந்தணு சேராமல் இருக்க இதுவும் ஒரு காரணம். இந்தப் புரதங்கள் மாடுகளிலும் உண்டு.

நேரக் கணக்கு

பருவ அறிகுறிகள் முடிந்து சுமார் 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அது சில மணி நேரமே தரமாக இருக்கும். உறைவிந்தின் ஆயுளும் ஏறக்குறைய ஒரு நாள்தான். மிக முன்னதாக ஊசி போட்டால் முட்டை வருவதற்குள் விந்தணு வலுவிழக்கும். தாமதமானால் விந்தணு பக்குவமடைவதற்குள் முட்டை கெட்டுவிடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* காலை, மாலை இரு வேளையும் மாட்டைக் கவனிக்கவும். அடிக்கடி கத்துதல், கண்ணாடிபோல் வழும்பு ஒழுகுதல், மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்றல் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.
* அறிகுறி தெரிந்த நேரத்தைக் குறித்துவைத்து, ஊசி போட வருபவரிடம் சொல்லவும்.
* உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி செல்சியஸ் நீரில் 30 விநாடி வைத்து, உடனே பயன்படுத்த வேண்டும். வெயிலில் வைத்தாலோ, கையில் தேய்த்து உருக்கினாலோ புரதங்கள் தாங்கியிருக்கும் விந்தணுச் சவ்வு சேதமடையும்.
* வழும்பு கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் ஊசி போட வேண்டாம். முதலில் கருப்பை நோய்க்குச் சிகிச்சை பெறவும்.
* சரியான நேரத்தில் மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காவிட்டால், நான்காவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் மாட்டைப் பரிசோதிக்கவும்.