பறவைகளை எண்ணுங்கள், கூட்டாதீர்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தானியம் வைப்பார்கள். அப்படி வரும் பறவைகளை எண்ணி, கம்ப்யூட்டர் வழியே ஆய்வாளர்களுக்கு அனுப்பும் திட்டம் தான் ப்ராஜக்ட் பீடர்வாட்ச். 1976ல் கனடாவின் ஒன்டாரியோவில் தொடங்கியது. 1987ல் அமெரிக்காவின் கார்னெல் பறவை ஆய்வுக்கூடம் கைகோர்க்க, வட அமெரிக்கா முழுவதும் பரவியது. அன்று காகிதப் படிவம். இன்று பிரவுசர் அல்லது மொபைல் ஆப் போதும்.

முதலில் பெயரைப் பதிவு செய்து, எண்ணப் போகும் இடத்தை மேப்பில் குறித்திட வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அடுத்தடுத்த இரண்டு நாட்களாக எண்ணலாம். நாள் முழுக்க ஜன்னலருகே உட்கார வேண்டியதில்லை.

பலரும் தவறு செய்வது எண்ணை டைப் செய்கையில் தான். சிக்கடி என்ற சிறு பறவை ஒரு விதையைக் கொத்திக்கொண்டு பறந்துவிடும்; சற்று நேரத்தில் அதுவே திரும்ப வரும். காலையில் 3, மதியம் 5, மறுநாள் 4 எனப் பார்த்தால் 12 என்று கூட்டக் கூடாது. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிக எண்ணிக்கையான 5 மட்டுமே சரி. உண்மையில் வந்தவை கூடுதலாக இருக்கலாம். ஆனால் எல்லாரும் இப்படியே எண்ணினால் தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியும்.

5க்குப் பதில் 55 என டைப் செய்துவிட்டால்? அந்தப் பகுதிக்கு வழக்கமில்லாத எண் என்றால் சாப்ட்வேர் தனியே பிரித்துவிடும். பிறகு நிபுணர் ஒருவர் சரி பார்ப்பார்.

ஒரு பறவையும் வரவில்லையா? அதையும் பதிந்திடுங்கள். மேலே பறந்து செல்பவை கணக்கில் வராது. தானியத்துக்கு வந்த குருவியைப் பிடிக்க வரும் வல்லூறு மட்டும் கணக்கில் உண்டு!