பரங்கிப்பேட்டை உலையும் ஒரு சமன்பாடும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போனால் வழியில் பரங்கிப்பேட்டை வரும். வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர். 1830-ஐ ஒட்டி, ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உலைகளைக் கட்டினார். தாது சேலத்து மலைப் பக்கமிருந்து வந்தது. உலைக்கு வேண்டிய கரியைக் காட்டு மரங்கள் கொடுத்தன. உருக்கிய இரும்பு இங்கிலாந்து வரை கப்பலில் போயிற்று.

வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யத் திணறும் பிள்ளைகளுக்கு இந்த உலையைத்தான் நான் காட்ட விரும்புவேன்.

சேலத்துத் தாதுவின் பெயர் மேக்னடைட். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். அதில் 3 இரும்பு அணுக்களுக்கு 4 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. ஆக்சிஜனைக் கழற்றிவிட்டால் இரும்பு கிடைத்துவிடும். யார் கழற்றுவது? உலையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 1 கார்பன், 1 ஆக்சிஜன். இன்னும் ஒரே ஓர் ஆக்சிஜனை அது ஏற்றுக்கொள்ளும்; ஏற்றதும் கார்பன் டைஆக்சைடு ஆகிவிடும்.

இப்போது யோசியுங்கள். தாதுவில் இருப்பது 4 ஆக்சிஜன். ஒரு மூலக்கூறு ஒன்றைத்தான் எடுத்துப் போகும். அப்படியானால் எத்தனை மூலக்கூறு வேண்டும்?

மேக்னடைட் + 4 கார்பன் மோனாக்சைடு → 3 இரும்பு + 4 கார்பன் டைஆக்சைடு

அவ்வளவுதான், சமன்செய்துவிட்டீர்கள்! சரிபாருங்கள்: இரண்டு பக்கமும் இரும்பு 3, கார்பன் 4, ஆக்சிஜன் 8.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால், குறியீட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன எண்ணை மாற்றிவிடுவார்கள். அதை மட்டும் தொடவே கூடாது. கார்பன் டைஆக்சைடில் ஓர் ஆக்சிஜனைக் குறைத்தால் அது நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு, பொருளே வேறு! நாம் மாற்றக்கூடியது முன்னால் போடும் எண் மட்டுமே. அது எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது.

அந்த முன் எண்கள் மதிப்பெண்ணுக்காகப் போடுபவை அல்ல. இந்தச் சமன்பாட்டை அணு நிறைகளோடு படித்தால், 232 கிராம் மேக்னடைட்டும் 112 கிராம் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து 168 கிராம் இரும்பையும் 176 கிராம் கார்பன் டைஆக்சைடையும் தரும். இடப்பக்கம் 344, வலப்பக்கமும் 344. பிரான்சின் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டில் தராசு வைத்து நிறுவிய பொருண்மை அழியா விதி இதுதான்.

அந்த 112 கிராம் வாயுவில் இருக்கும் கார்பன் 48 கிராம். ஆக, இந்தச் சமன்பாட்டின்படி 1 டன் இரும்புக்கு ஏறக்குறைய 286 கிலோ கார்பன் வேண்டும். இது ஆக்சிஜனைக் கழற்ற மட்டும். உலையைச் சூடேற்றவும், தாதுவை உருக்கவும் எரியும் கரி தனி. உண்மையான உலை இதைப்போலப் பல மடங்கு கேட்கும். பழைய முறையில் 1 கிலோ கரி சுட நாலைந்து கிலோ விறகாவது வேண்டும். கணக்கை நீங்களே நீட்டிப் பாருங்கள்; எத்தனை மரம் சாய்ந்திருக்கும்! பரங்கிப்பேட்டைத் தொழிற்சாலை நொடித்துப்போகக் காரணங்கள் பல. கரித் தட்டுப்பாடு அவற்றில் பெரிய ஒன்று. 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே உலைகள் அணைந்துவிட்டன.

சமன்பாட்டின் வலப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1 டன் இரும்பு கிடைக்கும்போது 1 டன்னுக்குச் சற்று அதிகமாகவே கார்பன் டைஆக்சைடு காற்றில் கலக்கிறது. பூமி சூடேறுவதைப் பற்றிக் கவலைப்படும் இன்றைய விஞ்ஞானிகளை உறுத்துவது அந்த எண்தான். அதனால் சுவீடனில் லூலியோ என்ற ஊரில் கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, 2021இல் இரும்பு எடுத்துக் காட்டினார்கள். அங்கே வெளியேறியது நீராவி.

நம் சேலத்து மேக்னடைட்டோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அந்தச் சமன்பாட்டை எழுதுங்கள் பார்ப்போம். ஹைட்ரஜன் மூலக்கூறில் 2 ஹைட்ரஜன் அணுக்கள்; நீரில் 2 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஹைட்ரஜனுக்கு முன்னால் எந்த எண் வருகிறது? ஏன் அதே எண் வருகிறது?